இறங்காத படம்

கடலூர் முதுநகர் தேவாலயப் பங்கில் வியாகுலமேரிக்கு நல்ல பெயர் கிடையாது. திமிர் பிடித்தவள் என்பார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. யாராவது தங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, “என்னா மேரி, ஆல்பம் பாத்தியா?” என்று கேட்பார்கள். நீங்களும் நானும் என்ன சொல்வோம்? புரட்டிப் பார்த்தோமோ இல்லையோ, “பாத்தேன், பொண்ணு செலையாட்டம் இருக்கு” என்போம். மேரி சொல்ல மாட்டாள். “இல்லக்கா, இன்னும் பாக்கல” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். கேட்டவருக்கு முகம் சுண்டிப்போகும். இவளுக்கு எதற்கு இவ்வளவு வறட்டு நேர்மை என்று, இந்த இரண்டாயிரத்துப் பன்னிரண்டிலும் பங்கில் பேசாத வாய் இல்லை.

பிறவியிலேயே அவள் அப்படி இல்லை. ஒரு காலத்தில் அவளும் நம்மைப் போல வாய் நிறையச் சின்னச் சின்னப் பொய் சொல்லிக்கொண்டு, எல்லாருக்கும் வேண்டியவளாகத்தான் இருந்தாள்.

அப்போது சிதம்பரத்தில் வேலை. மேலவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மாடியில் கலியமூர்த்தி என்பவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். செங்குத்தான படிக்கட்டு. ஏறினால் பிளைவுட் தடுப்பு வைத்த கம்ப்யூட்டர்கள், தடுப்பெல்லாம் காலேஜ் பையன்கள் கீறிவைத்த பெண் பெயர்கள், காலையில் கலியமூர்த்தி ஏற்றும் ஊதுபத்தி, மத்தியானத்துக்குள் அதைத் தோற்கடித்துவிடும் சாக்ஸ் நாற்றம். வாசல் மேசையில் மேரி. முதுநகரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வந்த களைப்புத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் அம்மா சவரியம்மாள், தம்பி லூர்து பிரகாஷ். அப்பா சந்தியாகு துறைமுகத்தில் மீன் ஏலம் கூவியவர். அவருக்கு முற்றிய சுகர். காலில் கிளிஞ்சல் கிழித்த ஒரு புண் ஆறாமல் வருஷக்கணக்கில் இருந்தது. தினமும் அதைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுக் கட்டியது மேரிதான். அம்மாவுக்கு அந்தப் புண்ணைப் பார்த்தாலே மயக்கம் வந்துவிடும். ஒரு நாள் காலையில் கட்டைப் பிரித்த மேரி, கட்டைவிரலோரம் கறுத்திருப்பதைக் கண்டாள். அதற்கு முன் எத்தனையோ கறுப்பைப் பார்த்தவள். இந்தக் கறுப்பு வேறு என்று அவளுக்குப் பட்டது. குளிக்கக்கூடப் போகாமல் அப்பாவை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். விரலை எடுத்தார்கள், கால் பிழைத்தது. நாள் தள்ளியிருந்தால் கால் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். பிறகு சந்தியாகு வேறு நோயில் செத்தார். இரண்டு காலோடுதான் கல்லறைக்குப் போனார். அதில் மேரிக்கு ஒரு திருப்தி உண்டு.

பிரகாஷ் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்டிராக்டில் கொஞ்ச நாள் உழன்றுவிட்டு, கத்தாருக்குப் போனான். கட்டிட வேலை. கேம்ப்பில் ஒரு அறையில் கட்டில் மேல் கட்டில் போட்டுப் படுக்கை. வெள்ளிக்கிழமை போன் பேசுவான். நடுவில் மெயில். அவனுக்கு மெயில் ஐடி போட்டுக் கொடுத்து, பாஸ்வேர்டையும் மனப்பாடம் செய்யவைத்து அனுப்பியவள் மேரிதான்.

இனிமேல் சொல்லப்போவதற்கு அந்த சென்டரின் ஒரு சங்கதி தெரிந்தாக வேண்டும். கலியமூர்த்தி வாங்கியிருந்த இணைப்பில் மாதத்துக்கு இவ்வளவுதான் இறக்கலாம் என்று ஒரு வரம்பு இருந்தது. மீறினால் பில் எகிறும். எகிறிய மாதம் மனுஷன் சோறு தின்ன மாட்டார். யார் என்ன இறக்குகிறான் என்று ஒவ்வொரு தடுப்பாக எட்டிப் பார்த்து, பையன்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். பாட்டு இறக்காதே, படம் இறக்காதே என்று போர்டு எழுதி மாட்டினார். பிரயோசனமில்லை. “வெறும் மெயில்தாண்ணே பாத்தோம்” என்று எல்லாரும் கையை விரித்தார்கள்.

அவர்கள் சொன்னது உண்மை என்று கண்டுபிடித்தவள் மேரி. பிரவுசர் சன்னலின் அடிவிளிம்பில் ஒரு வரி ஓடும், பார்த்திருப்பீர்கள். எதை இறக்குகிறது என்று பொடி எழுத்தில் காட்டிக்கொண்டே போகும். கூட்டம் இல்லாத நேரத்தில் அவள் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்வேர்டு அடித்து உள்ளே போகிறவன், நேரே தன் கடிதம் வந்து நிற்கும் என்று நினைக்கிறான். எங்கே வருகிறது? பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளைக்கு முன்னால் மேளம், தட்டு, வாழைக்குலை, பெட்ரோமாக்ஸ் எல்லாம் நுழைகிற மாதிரி, முதலில் கம்பெனி சின்னம் இறங்கும். பிறகு ஓரத்து விளம்பரம், ஆடுகிற பொம்மை, ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு படம், கண்ணுக்கே தெரியாத என்னென்னவோ. கடைசியில்தான் அம்மா நலமா, அப்பா நலமா என்கிற நாலு வரி.

“அண்ணே, கடுதாசி கடுகளவுதான். அதத் தூக்கிக்கினு வர்ற பல்லக்குதான் யானையாட்டம் இருக்கு” என்றாள் கலியமூர்த்தியிடம்.

“அப்ப பல்லக்க நிறுத்துறதுக்கு வழி பாரும்மா” என்றார் அவர்.

பார்த்தாள். செட்டிங்கில் போய், படம் காட்டு என்றிருந்த இடத்தில் டிக்கை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு படம் வரவேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் வரும், அதன் மூலையில் சின்னதாய்ச் சிவப்புப் பெருக்கல் குறி. எழுத்து மட்டும் சட்டென்று வந்து நிற்கும். பையன்களுக்கும் சந்தோஷம், கலியமூர்த்தி பழையபடி சோறு தின்றார். தன் மேசைக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் ஒன்றில் மட்டும் மேரி படத்தை விட்டுவைத்தாள். வெளிநாட்டு மாப்பிள்ளை போட்டோ பார்க்க வருகிறவர்கள், பேரன் முகம் பார்க்க வருகிறவர்கள் அதில் உட்கார்ந்துகொள்ளலாம். சிதம்பரத்தில் வேறு சில சென்டர்களிலும் இந்த வித்தையைக் காப்பியடித்தார்கள். மேரிக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

தன் மெயிலை அவள் அந்தப் படக் கம்ப்யூட்டரில் பார்க்க மாட்டாள். முதலாளி வீட்டு இணைப்பில் நம் வீட்டுப் படம் எதற்கு என்று ஒரு ரோஷம். மூலையில், எழுத்து அழிந்துபோன கீபோர்டு உள்ள கம்ப்யூட்டரில், டீ குடிக்கிற நேரத்தில் பார்ப்பாள். அந்த ரோஷமும் நல்ல குணம்தான். நல்ல குணம் எங்கே கொண்டுபோய் விடும் என்று யாருக்குத் தெரியும்?

பிரகாஷுக்கு டைப் அடிப்பது வேப்பங்காய். படம் அனுப்புவதுதான் அவன் கடிதம். வேளாங்கண்ணி மாதா, மெழுகுவத்தி, சிரிக்கிற குழந்தை, பனித்துளி ஒட்டிய ரோஜா என்று யாரோ அனுப்பியதை இவளுக்குத் தள்ளிவிடுவான். அடியில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு வரி இருக்கும்: அக்கா போட்டோ பாரு, அம்மாவுக்குக் காட்டு. மேரிக்குத் தெரிவது வெற்றுக் கட்டமும் பெருக்கல் குறியும்தான். முதலில் ரோஷத்தை விட்டு ஒன்றிரண்டைப் படக் கம்ப்யூட்டரில் போய்த் திறந்து பார்த்தாள். மாதா இறங்கி முடிப்பதற்குள் டீ ஆறிப்போனது. அதற்கப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை போனில் அவன் விடாமல் கேட்பான். “படம் பாத்தியாக்கா?”

“பாத்தேன்டா. ரொம்ப நல்லா இருந்திச்சு.”

இந்தப் பொய்யை யார் குற்றம் சொல்ல முடியும்? தூர தேசத்தில் வெயிலில் வேகிற பிள்ளை ஆசையாக அனுப்பியிருக்கிறான். பார்க்கவில்லை என்று சொன்னால் மனசு நோகாதா? நம் ஊரில் அன்பு என்பதில் பாதி இந்த மாதிரிப் பொய்தான். எனக்கு அந்தப் பாதியைக் கண்டால் இப்போது எரிச்சலாக வருகிறது, ஆனால் அன்றைக்கு நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷ மழைக்காலம். ஊரெல்லாம் தண்ணீர், சென்டரில் அடிக்கடி கரண்ட் இல்லை. கரண்ட் வந்த ஒரு மத்தியானம் மேரி மெயிலைத் திறந்தாள். பிரகாஷிடமிருந்து ஒன்று. கட்டம், பெருக்கல் குறி, அடியில் ஒரு வரி: அக்கா போட்டோ பாரு. மாதாவாக இருக்கும் என்று மூடினாள். சில நாள் கழித்து மறுபடி ஒன்று, அதே வரி. இந்தப் பையனுக்கு வேறு வேலையே இல்லை என்று அலுத்துக்கொண்டு அதையும் மூடினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. வழக்கம்போல் அம்மாதான் முதலில் பிடுங்கிக்கொண்டாள். கூரை ஒழுகுவது, பக்கத்து வீட்டுச் சண்டை, மாதா திருவிழா எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, போனை மேரியிடம் கொடுத்து, பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“அக்கா, அனுப்புன படத்தப் பாத்தியா?” பிரகாஷின் குரல் கம்மியிருந்தது. ஜலதோஷம் என்று மேரி நினைத்தாள்.

“பாத்தேன்டா.”

“ரெண்டுமா?”

“ரெண்டுந்தான். டேய், இனிமே இந்த மாதிரியெல்லாம் அனுப்பாத. எறங்கவே நேரம் ஜாஸ்தியாவுது. ஓனரு மொறைக்கிறாரு.”

லைன் போய்விட்டதோ என்று மேரி இரண்டு தரம் அலோ சொன்னாள்.

“பாத்துட்டுத்தான் சொல்றியாக்கா?”

“ஆமாண்டா, பாத்துட்டுத்தான் சொல்றேன். பின்ன பொய்யா சொல்றேன்?”

“சரிக்கா” என்றான். அம்மாவிடம் மறுபடி பேசாமலே வைத்துவிட்டான்.

அதோடு படம் வருவது நின்றது. எப்போதாவது, அக்கா நலம், அம்மாவைப் பார்த்துக்கொள் என்று ஒரு வரி வரும். கட்டம் இல்லை, குறி இல்லை. தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மேரி சென்டரில் சொல்லிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. மெயில் திறந்தால் என்னென்ன இறங்கும் என்று சிதம்பரத்துக்கே பாடம் நடத்தியவள், தன் வீட்டுக்கு எது இறங்காமல் நிற்கிறது என்று பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேம்ப்பிலிருந்து வேறொரு ஆள் போன் செய்தான். பெண்ணாடத்துக்காரன், பிரகாஷின் அறையில் இருப்பவன். பிரகாஷை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உயிருக்குப் பயமில்லை, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றான். பூட்ஸ் கடித்த கொப்புளமாம். சுகர் இருப்பதே அவனுக்குத் தெரியாதாம். அம்மா போனைப் போட்டுவிட்டுத் தரையில் புரண்டு அழுதாள். மேரி அழவில்லை. கொப்புளத்துக்கா கால் போகும் என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள், கேட்க ஆள் இல்லாத போனில்.

தவக்காலம் தொடங்கும்போது பிரகாஷ் வந்து சேர்ந்தான். மீனம்பாக்கத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். போகும்போது வீட்டு நிலைப்படி இடிக்கிற உயரத்தில் போன பிள்ளை. வீட்டுக்கு வந்த முதல் நாளே மேரி வெந்நீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் மேல்துணியை இழுத்து மூடிக்கொண்டான்.

“அம்மா கட்டட்டும்க்கா.”

“அம்மாவுக்கு மயக்கம் வந்துரும்டா. அப்பாவுக்கு நான்தான கட்டுனேன்?”

“அம்மாவே கட்டட்டும்” என்றான்.

சவரியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டினாள். மேரிக்கு அது உறைத்தது, கோபமாகவும் மாறியது. கோபத்துக்கு ஒரு வழி வேண்டுமே. பார்க்க வருகிற சனத்திடமெல்லாம் அவன் காதுபடவே சொல்லத் தொடங்கினாள். “வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலங்க இந்தப் பாவி. எங்கிட்ட சொல்லக் கூடாதா? அப்பா கால காப்பாத்துனவ நானு.” வந்தவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். பிரகாஷ் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்கு மக்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். மேரி அதே பல்லவியை எடுத்தாள். அன்றைக்கு ஒரு வரி சேர்த்துப் போட்டாள். “ஒரே ஒரு தடவ என் கண்ணுல காட்டியிருந்தா போதும். பாத்த நிமிஷத்துல பிளேன் ஏறி வாடான்னு சொல்லியிருப்பேன்.”

பிரகாஷ் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான். வந்து சேர்ந்ததிலிருந்து அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தான். கோபம் இல்லை, ஒரு மாதிரித் திகைப்பு. வந்தவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

“அதான் பாத்தியேக்கா.”

“எதடா?”

“அனுப்புனேனே.”

மேரிக்கு மழைக்காலத்து வெற்றுக் கட்டம் இரண்டும் நினைவுக்கு வந்தன. அன்றிரவு சோறு இறங்கவில்லை, காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரத்துக்கு ஓடினாள். ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்த கலியமூர்த்தியிடம் ஒன்றும் சொல்லாமல் படக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்து, மறுபடி அடித்தாள்.

சின்னம் இறங்கியது. விளம்பரம் இறங்கியது. பொம்மை ஆடியது. மழைக்கால மெயில்களைத் தேடிப் பிடித்து முதலாவதைத் திறந்தாள். அக்கா போட்டோ பாரு என்ற வரி முதலில் வந்தது. அம்மாவுக்குக் காட்டு என்று எப்போதும் கூட வருகிற வார்த்தை அதில் இல்லை. அது இல்லாததை அன்றைக்குத்தான் கவனித்தாள்.

படம் மேலிருந்து கீற்றுக் கீற்றாக இறங்கியது. முதலில் பச்சைத் தரைவிரிப்பு. பிறகு இரும்புக் கட்டில் கால். பிறகு மடித்துவிட்ட லுங்கி. பிறகு முழங்கால், கணுக்கால். அப்புறம் விரல்கள். சுண்டுவிரலோரம் கறுப்பு. தெளிவாகத் தெரியட்டும் என்று பக்கத்தில் டார்ச் அடித்து எடுத்திருந்தான். அடுத்த மெயிலைத் திறந்தாள். கறுப்பு நடுப்பாதம் வரை வந்திருந்தது.

எந்தக் கறுப்பு என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு, மாட்டைப் போல ஒரு சத்தம் போட்டு அழுதாள். கலியமூர்த்தி பயந்துபோய் ஓடிவந்தார். திரையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெளியே போய் நின்றார்.

மத்தியானத்துக்கு முன்னால் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். பிரகாஷ் கட்டிலில் சாய்ந்திருந்தான். மேரி தரையில், அவனுடைய இல்லாத பாதத்துக்கு நேரே உட்கார்ந்தாள். வழியெல்லாம் எப்படி எப்படியோ ஜோடித்துவைத்த வார்த்தை எதுவும் வரவில்லை.

“டேய், நான் பாக்கலடா. அந்தப் படம் ரெண்டும் நான் பாக்கவே இல்ல. பாத்தேன்னு சும்மா சொன்னேன். மாதா படம்னு நெனச்சேன்.”

தெருவில் ஐஸ் மீன்காரி கூவிக்கொண்டு போனாள்.

“கேம்ப்பு டாக்டரு மாத்திர குடுத்து வேலைக்குப் போன்னுட்டான்” என்றான் பிறகு. “போன்ல சொல்லலாம்னா அம்மா பக்கத்துலயே நிக்கும். அப்பா காலப் பாத்த கண்ணு ஒனக்கு. அக்காவே பாத்துட்டு, இதெல்லாம் அனுப்பாதடான்னு சொன்னப்ப, இது ஒண்ணும் அவ்ளோ மோசம் இல்ல போலன்னு இருந்துட்டேன். கால எடுத்தப்பறம்தான், பாத்துட்டு ஏன் அக்கா சொல்லலன்னு தோணுச்சு. கேட்டா நீ சங்கடப்படுவன்னு கேக்கல.”

மேரி தலையைத் தூக்கவில்லை. பிரகாஷ் கையை நீட்டி அவள் தலையில் வைத்தான். திட்டுவான், அறைவான் என்றுதான் அவள் வந்திருந்தாள். அவன் குரலில் அது ஒன்றும் இல்லை, ஒரு குழந்தை கணக்குப் புரியாமல் கேட்கிற மாதிரி இருந்தது.

“பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, திருப்பி அனுப்பியிருப்பேனேக்கா.”